ரகுபதியே வாங்கிட்டாரு

"லெஃப்ட்ல திரும்புணா. இப்போ ரைட்டு. கண்ண மூடித் தொற. அவ்ளோதான், மூஞ்சி ஓகே ஆய்டுச்சு" என்றான் தீனா.

விம்கோ நகரில் இருந்த அவனுடைய செல்போன் கடையில், ரகுபதி போனைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். கல்யாணங்களுக்கு போட்டோ, வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர். முகூர்த்த மாதம்தான், ஆனாலும் எதிரே அவர் ஸ்டுடியோ ஷட்டர் காலையிலிருந்து பாதி இறங்கியே கிடந்தது.

சார்ஜர் வாங்க வந்த வேலப்பன் எட்டிப் பார்த்தான். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன்.

"இன்னாணா, ஆதார் அப்டேட்டா?"

"பிட்காயின்பா" என்று தீனாதான் பதில் சொன்னான். "அண்ணன் புச்சா வாலெட் ஓபன் பண்ணிகினு கீறாரு."

வேலப்பனுக்குச் சார்ஜர் மறந்துபோனது. ரகுபதி ஒரு டீ வாங்கி, பாதியை வீட்டுக்குப் பார்சல் கேட்கிற ஆள். சீட்டுக் கம்பெனி ஒன்று தெருவையே மொட்டையடித்துவிட்டு ஓடியபோது, தப்பித்த ஒரே தலை அவருடையது.

ரகுபதி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தீனா, இத்த வாங்கி வேற எடத்துக்கு அனுப்ப எத்தினி நேரம் ஆவும்?"

"எதுக்குணா அனுப்பணும்? வச்சிருந்தாதான ஏறும்?"

"ஏர்றது எறங்குறதெல்லாம் வுடு நைனா. இன்னிக்கே போய்ச் சேந்துடுமா?"

அந்த அவசரத்தைப் பார்த்ததும் வேலப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உள்விவரம் ஏதோ தெரிந்துதான் மனுஷன் இப்படிப் பறக்கிறார்.

வீட்டில் சொன்னபோது மனைவி மலர்க்கொடி சோற்றுக் கையோடு எழுந்துவிட்டாள். "ரகுபதியேவா? அப்பறம் இன்னாய்யா நீ இங்க குந்திகினு கீற?"

மகளின் காலேஜ் ஃபீஸுக்கென்று விட்டுவைத்திருந்த அவள் காதுக் கம்மல், அன்றே அடகுக் கடைக்குப் போனது.

அந்த வாரம் முழுக்க தீனா கடையில் கூட்டம். கறிக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், வார்டு பிரமுகர் என்று தெருவே போனைப் பார்த்து இடமும் வலமும் திரும்பியது. பிட்காயின் என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. 'ரகுபதியே வாங்கிட்டாரு' என்பதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு விலை இறங்க ஆரம்பித்தது. காலையில் இறங்கியது, மாலையில் இன்னும் இறங்கியது.

மலர்க்கொடி வெறும் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "போய் அந்தாளக் கேளுய்யா. அவரு வித்துட்டாரா, வச்சிகினு கீறாரா?"

வேலப்பன் ஸ்டுடியோவுக்கு ஓடினான். பின்னாலேயே கறிக்கடைக்காரரும் இஸ்திரிக்காரரும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள்.

ரகுபதி நாற்காலியில் சாய்ந்து, கம்ப்யூட்டரில் யாருடைய ரிசப்ஷனையோ நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ணா, வித்துடலாமா, இல்ல வச்சிக்கலாமா? ஒரு வார்த்த சொல்லுணா."

"எத்த?"

"பிட்காயினத்தான். உன்னப் பாத்துதான நாங்க அல்லாரும் வாங்குனோம்!"

ரகுபதி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடப்பாவிங்களா! எவனோ நெட்டு வழியா பூந்து என் கம்ப்யூட்டரப் பூட்டிட்டு, பிட்காயின் குட்த்தாதான் தொறப்பேன்னுட்டான்டா!"