நாலாவது புள்ளி

"அந்த ஆள் மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாதுன்னு இருக்கேன் சார். அவரை வேலையை விட்டுத் தூக்கினாத்தான் என் வயித்தெரிச்சல் அடங்கும்" என்றாள் அவள்.

மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். "மத்தியானம் விசாரணை வச்சிருக்கோம்லம்மா? சர்வேயரே ஒத்துக்கிட்டார். அப்புறம் என்ன?"

"வாயால ஒத்துக்கிட்டவர் வாயாலயே மாத்திப் பேசுவார். உள்ளே பூட்டி வச்சிருக்கிற அந்த அளக்கிற கருவியைக் குடுங்க. எந்தப் புள்ளியை எந்த நேரத்துல பார்த்தார்னு நான் எடுத்துத் தர்றேன்."

அந்த நில அளவை ஆபீஸில் வரைபடம் போடுகிறவள் அவள். அவள் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. சர்வேயர் கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்க, இவர் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு புள்ளிக்குப் புள்ளி நடக்க வேண்டும். போன மாசம் மண் எடுத்துக் கைவிட்ட பள்ளம் ஒன்றை அளக்கப் போனார்கள். மழையில் ஊறிக் கிடந்த ஓரம் சரிந்தது. மனுஷன் கம்பத்தோடு உள்ளே போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் சர்வேயரைக் கேட்ட முதல் கேள்வி, "நான் போன்ல கேட்ட புள்ளிக்காகவா அண்ணே அவர் அங்க போனார்?"

கேட்காமல் என்ன செய்வாள்? அன்று மத்தியானம் அவள்தானே போன் பண்ணினாள். "பள்ளத்து ஓரத்துல நாலு புள்ளி குறையுதுண்ணே. படத்துல பள்ளத்தைச் சுத்தி வர்ற கோடு மூட மாட்டேங்குது. நாளைக்கு நான் லீவு, இன்னைக்கே எடுத்து அனுப்பிடுங்க."

சர்வேயர் அவள் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார். "இல்லம்மா. அந்த நாலும் காலையிலேயே எடுத்தாச்சு. உனக்கு அனுப்பத்தான் விட்டுப்போச்சு. இது வேற. எனக்கொரு சந்தேகம் வந்தது, நான்தான் போய்ப் பாருன்னு அனுப்பினேன்."

சொன்னபடியே நாலு புள்ளியும் அப்புறம் அவளுக்கு வந்து சேர்ந்தன, காலை வரிசையிலேயே எண் போட்டு.

அன்றோடு 'அண்ணன்' போய், 'அந்த ஆள்' ஆகிவிட்டார். துக்கம் கேட்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "உன் சந்தேகத்துக்கு என் புருஷன் உயிர்தானா கிடைச்சுது? என் குடியைக் கெடுத்துட்டியே, பாவி!" என்று கத்தினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார்.

"கல்நெஞ்சுக்காரன்டி. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானா பாரு" என்று ஆபீஸே பேசியது.

இப்போது கருவி அவள் மேஜைக்கு வந்துவிட்டது. பின்னால் யாரும் நொண்டிச் சாக்கு சொல்லக் கூடாதென்று முதல் வேலையாக அதன் கடிகாரத்தைத் தன் போனோடு ஒத்துப் பார்த்தாள். இம்மியும் பிசகில்லை.

வழக்கமாக ஆபீஸுக்கு வரும் பட்டியலில் புள்ளியின் எண், இடம், உயரம் இவ்வளவுதான் இருக்கும். நேரம் இருக்காது; யாரும் அதைத் தேடியதும் இல்லை. ஆனால் கருவிக்குள் இருக்கும் கோப்பு, ஒவ்வொரு புள்ளியையும் எப்போது பார்த்தது என்று தானே எழுதி வைத்துக்கொள்ளும். அவள் அந்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்து வரிசையாக அடுக்கினாள்.

காலையில் பார்த்த புள்ளிகள் வந்தன. வாய்க்கால், வேலி, பாதை. பள்ளத்து ஓரம் அதில் இல்லை.

தவறிப்போயிருக்கும் என்று மறுபடி பார்த்தாள். இல்லவே இல்லை.

அப்புறம் சாப்பாட்டு நேரம். அப்புறம் அவள் போன் பண்ணிய நேரம். அதற்கும் பிறகுதான் ஓரத்துப் புள்ளி ஒன்று. அடுத்து இன்னொன்று. அடுத்து மூன்றாவது.

அதோடு கோப்பு முடிந்துவிட்டது.

அவள் கேட்டது நாலு. சர்வேயர் கொடுத்த பட்டியலிலும் நாலு இருந்தது. நாலாவது எங்கே?

மேலும் கீழும் தேடினாள். எங்கும் இல்லை. அந்தப் புள்ளிக்குப் போனவர்தான் வீடு திரும்பவில்லையே! ஒரு புள்ளியில் சின்னச் சந்தேகம் என்றாலும் வெயிலில் மறுபடி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரச் செய்கிற சர்வேயர், பார்க்காத புள்ளியைக் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார். மற்ற மூன்றுக்கும் எண்ணை மாற்றியிருக்கிறார். அவள் கண்ணில் படக் கூடாதென்று.

ஐயோ என்று வாய்விட்டு அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அடுக்கிய வரிகளைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். விசாரணைக்கு வந்த சர்வேயர் ஓரமாக நின்றிருந்தார். ஒரு மாசத்தில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"நேரமெல்லாம் கிடைச்சுதாம்மா?" என்றார் மேனேஜர்.

சர்வேயர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"சார், அந்தக் கருவியில கடிகாரம் ரொம்ப நாளா சரியில்ல. அந்தப் பொண்ணு கையில இருக்கிறதை நம்பாதீங்க. நான்தான் அனுப்பினேன்னு சொல்லிட்டேன்ல, அப்படியே எழுதிக்குங்க."

"என்னம்மா, கடிகாரம் தப்பா?"

தலையை ஆட்டினால் போதும். அவளுக்கும் பழி இல்லை, ஊருக்கும் தெரியாது. அவளைத்தான் கெஞ்சுகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார் சர்வேயர்.

அவள் தாளை மேஜைமேல் வைத்தாள்.

"கடிகாரம் சரியாத்தான் சார் இருக்கு. அண்ணன்தான் பொய் சொல்றார். என் வீட்டுக்காரரை அங்க அனுப்பினது நான்."