டீஸ்பூனுக்கு மூன்று சொட்டு

"கலக்காமலா தடவினீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க குடும்பத்துல எதையும் கலக்கற வழக்கம் இல்லை" என்றார் பெரியவர். கையை மேஜைமேல் நீட்டியிருந்தாரே தவிர, முதுகு நாற்காலியில் சாயவில்லை.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. முதலில் இருந்தது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு படர்தாமரை. அதற்காக மூன்று நாள், காலையும் மாலையும், டீ ட்ரீ ஆயில் என்கிற காட்டமான மருந்து எண்ணெயை அப்படியே ஊற்றித் தேய்த்திருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன் டாக்டர். மாமா கேட்டாத்தானே" என்றாள் பின்னால் நின்ற மருமகள். "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம். நேத்து வெந்நீர்ல நாலு சொட்டு விட்டுக் குடிக்கலாமான்னு கேட்டார். பாட்டிலை அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டேன்."

"நல்ல வேலை செஞ்சீங்க. இது உள்ளுக்குப் போகவே கூடாது. குழந்தைங்க கைக்கும் எட்டக் கூடாது. வீட்டுல பூனை, நாய் இருக்கா?"

"பூனை ஒண்ணு வரும். மாமாவைக் கண்டா அது வாசலோட சரி."

"அது மேல படாம பார்த்துக்கங்க. பூனைக்கு இது விஷம்."

பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மருமகள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அவருடையது மூன்று தலைமுறை எண்ணெய்க்கடை. ஓர் எண்ணெயில் இன்னொரு எண்ணெய் தவறி ஒரு துளி விழுந்தாலும் பீப்பாயையே கவிழ்த்துவிடுகிற வீடு. அந்தப் பெயருக்குத் தன் காலத்தில் பழுது வரவில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பெருமை.

"பாட்டில் வாங்கி எவ்வளவு நாளாச்சு?"

"பத்தொன்பது வருஷம்."

டாக்டரின் பேனா நின்றது. சிறு வயதுக்காரர், ஆனால் நிதானமானவர்.

"காத்துப் பட்டுப் பழசானா இது தோலை இன்னும் மோசமா அரிக்கும். இத்தனை வருஷம் எதுக்கு வச்சிருந்தீங்க?"

"தூக்கிப் போட மனசு வரலை."

"புதுசா இருந்தாலும் கலக்காம தடவக் கூடாதுங்க. ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு மூணு சொட்டு. முதல்ல கையில ஒரு ஓரமா தடவி, ஒரு நாள் விட்டுப் பார்க்கணும். ஒத்துக்கிட்டா பரு, பொடுகு, சேத்துப்புண் இதுக்கெல்லாம் ஓரளவு கேட்கும். ஒத்துக்கலைன்னா அதோட விட்டுடணும்."

"அப்போ கலக்கறது தப்பில்லை?"

"இதுல கலக்காம இருக்கறதுதான் தப்பு."

பெரியவர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கலந்து, பாட்டில்ல அடைச்சு ஒருத்தன் வித்தா? அதைக் கலப்படம்னு சொல்லலாமா?"

"கலந்ததை மறைச்சு வித்தாரா?"

"இல்லை. எதுல எது எத்தனை சொட்டுன்னு தன் கையால எழுதி ஒட்டியிருந்தான்."

"அப்படின்னா அவர் முறைப்படிதான் செஞ்சிருக்கார்."

"அதை உங்க லெட்டர் பேடுல எழுதிக் குடுங்க. கையெழுத்து, முத்திரையோட."

மருமகள் பதறினாள். "எதுக்கு மாமா? யார் மேலயாவது கேஸ் போடப் போறீங்களா?"

"ஆமாம்மா. என் மேலதான்."



"எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றார் பெரியவர். பத்து வருடமாக அந்த வீட்டில் இருக்கிற மருமகளுக்கே இது புதுச் செய்தி. "இந்த எண்ணெயைக் கடைக்குக் கொண்டு வந்தவன் அவன்தான். தேங்காய் எண்ணெயில கலந்து வித்தான். 'கலந்தான்'கிற ஒரு சொல்தான் என் காதுல விழுந்துச்சு. வாடிக்கைக்காரங்க பார்க்க எல்லா பாட்டிலையும் சாக்கடையில கொட்டினேன். அவனைக் கலப்படக்காரன்னு தெருவுக்கே கேட்கற மாதிரி கத்தினேன். பொண்டாட்டி பிள்ளையோட அன்னைக்கே வெளியே அனுப்பினேன்."

"அதுக்கப்புறம் பார்க்கவே இல்லையா மாமா?"

"இனிமே நல்லது கெட்டது எதுக்கும் எனக்குச் சொல்லி அனுப்பாதேன்னுட்டேன். அவனும் என் ரத்தம்தானே, ரோஷக்காரன். சொல்லி அனுப்பலை. அவன் கலக்காம விட்டுட்டுப் போனது இந்த ஒரு பாட்டில்தான். சுத்தமான சரக்குக்கு என்ன பயம்னு எடுத்துத் தடவினேன். முதல் நாள் ராத்திரி எரிஞ்சப்பவே புரிஞ்சு போச்சு. இருந்தாலும் இன்னும் ரெண்டு நாள் தேய்ச்சேன். அவன் தப்புன்னு ஆகிடாதான்னு."

டாக்டர் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நாலு வரிதான். எழுத வெகுநேரம் பிடித்தது.

"இதை என்ன செய்யப் போறீங்க?"

"எந்த ஊர்ல இருந்தாலும் தேடிப் போய் அவன் கையில குடுப்பேன். திட்டினான்னா நின்னு கேட்டுக்குவேன். அப்புறம் அவனையே கூட்டிட்டு வந்து, அதே தெருவுல, எல்லாரும் கேட்கப் படிக்கச் சொல்லுவேன். பேரைக் கெடுத்தவன் அவன் இல்லை, நான்தான்னு நானே சொல்லணும்."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். காகிதத்தை நீட்டவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா தவறி ஆறு மாசம் ஆகுது, பெரியப்பா" என்றார்.