பூசணிக்காய்க்குப் போட்டி

“உன் காசு இங்க செல்லாது ஃபிரெட்ரிக். செக்கை மடிச்சுப் பையில வை.”

மாதா திருவிழாப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. கோயில் வாசலிலேயே வைத்துப் பால்வாடி டீச்சர் மர்சலின் இப்படிச் சொன்னதும் ஃபிரெட்ரிக் நீட்டிய கை அப்படியே நின்றது.

“பால்வாடிக் கூரை ஒழுகுதாமே அக்கா?”

“ஒழுகுது. மழைக்குள்ள மாத்தலைன்னா பூட்டிடுவோம்னு கார்ப்பரேஷன்ல சொல்லிட்டாங்க. அதுக்கு உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?”

இதே சாந்தோம் தெருவில் கோலி விளையாடின பையன்தான் ஃபிரெட்ரிக். இன்றைக்கு ஒரு பெரிய முதலீட்டு நிறுவனத்துக்கு டைரக்டர். நொடித்துப்போன கம்பெனிகளை அடிமாட்டு விலைக்கு வாங்குவான், நிமிர்த்துவான், நல்ல லாபத்துக்குத் தள்ளிவிடுவான். தர்மத்திலும் குறையில்லை. அடையாறில் ஆஸ்பத்திரிக்கு வார்டு, தி. நகரில் பள்ளிக்கூடத்துக்கு லைப்ரரி என்று எல்லாம் போட்டோவோடு பேப்பரில் வந்தன.

ஆனால் போன வருஷம் கிண்டியில் சோப்பு ஃபாக்டரியை வாங்கியபோது பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அதில் பலர் இந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். மர்சலினின் கணவர் ஆம்ப்ரோஸும் ஒருவர். லஸ் பக்கம் ஜெராக்ஸ் கடையில் நின்று பிழைக்கிறார். ‘அவன் காசில் ஒரு ஓடுகூட ஏறக்கூடாது’ என்று பங்குப் பேரவையில் தீர்மானம் கொண்டுவந்ததும் அவர்தான்.

“பாதிப் பேரை அனுப்பலைன்னா மொத்தமும் மூடியிருக்கும் அக்கா.”

“அதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. உண்டியல்ல மொத்தமா விழுந்தாக்கூட யாருதுன்னு விசாரிக்கிறதா இருக்கோம், தெரிஞ்சுக்க.”

“சரி, கூரைக்கு எவ்வளவு ஆகும்?”

“முப்பத்தஞ்சாயிரம். இன்னிக்குக் காணிக்கை ஏலத்துல ஏதோ வரும்.”

“போன வருஷம் எவ்வளவு வந்தது?”

மூவாயிரம்கூடத் தேறவில்லை.

“கம்பெனியோ, கத்தரிக்காயோ, ஒருத்தன் கேட்டா விலை ஏறாது அக்கா. ரெண்டு பேர் மல்லுக்கு நிக்கணும்.”

“உன் வியாபாரத்தைக் கோயிலுக்கு வெளிய வச்சுக்க!”

அவன் போகவில்லை. பந்தலில் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வழக்கம்போல் ஆம்ப்ரோஸ்தான் ஏலம் விட்டார். சேவல் போனது, தேங்காய்க் குலை போனது. கடைசியாக, பால்வாடிப் பிள்ளைகள் கொல்லையில் வளர்த்த பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கினார்.

“நூறு,” என்றான் ஃபிரெட்ரிக்.

அவன் எடுத்துவிட்டால் அவன் காசைக் கைநீட்டி வாங்கியாக வேண்டுமே! ஒரு துண்டை விரித்து ஆளாளுக்குக் கையில் இருந்ததைப் போட்டார்கள். சேர்ந்து கேட்டார்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம்.

“ஐயாயிரம்.” அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஆம்ப்ரோஸ் சாவு சேதி சொல்வதுபோல் இழுத்தார். “ஒரு... தரம்... ரெண்டு...”

“ஆறாயிரம்!”

எல்லாரும் திரும்பினார்கள். கடைசித் தூணோரம், நெற்றியில் சந்தனப் பொட்டு, பிதுங்குகிற பட்டுச் சட்டையோடு ஒரு ஆள்.

“யாருப்பா நீ?” என்றார் ஆம்ப்ரோஸ்.

“யாரா இருந்தா இன்னா? மாதாவுக்கு வேண்டிக்கினேன், கேக்கறேன்.”

“காசிமேட்டு மீன் எக்ஸ்போர்ட் பார்ட்டி போல,” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அவ்வளவுதான், பந்தலுக்கு உயிர் வந்துவிட்டது. ஃபிரெட்ரிக் பத்து என்றால் அந்த ஆள் பன்னிரண்டு. இவன் இருபது, அவன் இருபத்திரண்டு.

“வுடாத நைனா! அந்த சோப்புக்காரனை நுரை தள்ள வை!” என்று மீன்காரப் பேச்சியம்மாள் பெஞ்சுமேல் ஏறிவிட்டாள்.

“விட்டுடாதீங்க!” மர்சலினுக்கே தெரியாமல் அவள் குரலும் கிளம்பியது.

ஃபிரெட்ரிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். பின்னால் திரும்பி முறைத்தான். “முப்பத்தஞ்சாயிரம்.”

“முப்பத்தாறு!”

ஃபிரெட்ரிக் கையை விரித்தான். “எனக்குக் கட்டாது.”

ஆம்ப்ரோஸ் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பறை முழங்கியது. “காசு இருந்தா எதையும் வாங்கிடலாம்னு நெனச்சான் இல்ல? ஒரு பூசணிக்காய் வாங்க முடியல பாரு!” என்றார் அவர்.

சிரிப்புக்கு நடுவே ஃபிரெட்ரிக் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினான். மர்சலினுக்கு, பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஆம்ப்ரோஸ் வாய்விட்டுச் சிரிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டுச் சட்டைக்காரர் கட்டுக்கட்டாகப் பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, விறுவிறுவென்று போய்விட்டார். பூசணிக்காய் மேஜையிலேயே கிடந்தது.

“ஐயையோ, நேத்திக்கடன் பொருளாச்சே!” மர்சலின் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினாள். கோயில் மதிலைச் சுற்றி, கடற்கரைச் சந்து திரும்பினாள்.

சந்து முனையில் ஒரு வெள்ளை எஸ்டீம் கார் நின்றிருந்தது. பின் சீட்டில் ஃபிரெட்ரிக். அந்த ஆள் பட்டுச் சட்டையைக் கழற்றி மடித்து அவனிடம் கொடுத்துவிட்டு, டிரைவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

“உங்க சட்ட எனக்கு ரொம்ப டைட்டா கீது சார். முப்பத்தாறுன்னு கத்தும்போது ரெண்டு பட்டன் பிச்சுக்கிச்சு.”