ஒலிபரப்பின் நிழல்

குன்றின் உச்சியில் இருந்த வானொலிக் கோபுர நிலையத்தில் தில்லைநாயகி ஒருத்திதான் வேலை பார்த்தாள். கருவியைக் குளிர்விக்கும் விசிறியின் இரைச்சல்தான் பகலெல்லாம் அவளுக்குத் துணை. ஒலிபரப்புக் கருவியின் இரண்டு மின்சுற்றுகளும் ஒரே பலத்தில் ஓட வேண்டும். ஒன்று சற்றே இளைத்தாலும் ஒலிபரப்புக்கு ஒரு நிழல் உண்டாகி, அலைவரிசையில் சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் அதே பேச்சைக் கரகரவென்று முனகும். அந்த நிழலைப் போக்கச் சொல்லித் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. அவளும் ஒரு சின்னத் திருகை நூலிழை நூலிழையாகத் திருப்பி, மீட்டரில் நிழல் மறையும்வரை சரிசெய்தாள்.

மறுநாள் மதியம், யாருமே கூப்பிடாத அந்தத் தொலைபேசி அடித்தது.

"மேடம், உப்பளத்துல காவலுக்கு இருக்கேன், பேரு சவேரி. ரேடியோவும் கையிலதான் இருக்கு. முள்ளக் கொஞ்சம் ஓரத்துக்குத் திருப்புனா ஒருத்தரு மெதுவாப் பேசுவாரே, அவரக் காணோம்."

"அதுவும் நாங்கதாங்க. அதே பேச்சு பெரிய ஸ்டேஷன்ல தெளிவாக் கேக்குமே."

"அவரு ஊருக்கே பேசுறாரு மேடம். இவரு எனக்கு மட்டும்தானே பேசுனாரு."

அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு திருகைத் தொட்டாள். மீட்டர் முள் துளியளவு எழும்பியது.

"வந்துட்டாரு மேடம்! ரொம்ப நன்றி. வச்சிரட்டா?"

அவள் கை தானாகத் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனது.

"ஐயோ, மறுபடி போயிட்டாரே!"

"லைன்லயே இருங்க," என்றாள். "சரியாவறதுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் நீங்க ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."