கடைசித் தெருவின் கேட்

பொன்னாடையில் பழைய சந்தன வாடை அடித்தது. வேறு யாருக்கோ போர்த்தியது.

அவள் குனிந்து வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடைசியில அவன் வீட்ல லைட் எரியுது பாருங்க, அங்க நான் அழுதுட்டேன்," என்றார் சிறப்பு விருந்தினர், மைக்கில்.

அரங்கம் கை தட்டியது.

அவள் பொன்னாடையை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மூன்று வருடம் தனியாக உட்கார்ந்து அவள் செய்த வீடியோ கேமுக்குத்தான் இந்த விழா. புயல் அடித்து இருண்டு கிடக்கும் ஊர். ஒரு லைன்மேன் தெருத் தெருவாக நடந்து அறுபத்திரண்டு வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். கடைசி வீடு அவனுடையது.

வெளியாகிப் பதினான்கு மாதம். அந்த வீட்டுக்கு இதுவரை ஒருவரும் போனதில்லை.

போகவே முடியாது.

அதுவும் இன்று காலையில்தான் அவளுக்குத் தெரிந்தது.

சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் அத்தனை தெருவும் நடக்கச் சோம்பல்பட்டு, ஒரு பட்டனை அழுத்திக் கடைசித் தெருவுக்குத் தாவிவிடுவாள். வெளியிடுவதற்கு முந்தின நாள் அந்தக் குறுக்கு வழியை அழித்தாள். தெருவின் கேட்டைத் திறக்கும் நிரல் வரியும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

பூட்டிய கேட்டுக்கு இருபத்திமூன்று பேர் ஐந்து ஸ்டார் போட்டிருந்தார்கள். 'க்ளைமாக்ஸ் வேற லெவல்' என்று அத்தான். 'முடிவு நெஞ்சைப் பிசைஞ்சிடுச்சு' என்று கல்லூரித் தோழி ரேணுகா. விளம்பரக் குறிப்பில் அவளே எழுதியதைப் படித்துவிட்டு, வாய் கூசாமல் அடித்த கதை.

ஒரே ஒருவர் ஒரு ஸ்டார் போட்டிருந்தார். அந்தோணிசாமி என்று பெயர்.

'அறுபத்தோரு வீட்டுக்கும் கரண்ட் குடுத்தாச்சு. கடைசி கேட் திறக்கல. ஆறு நாளா அங்கேயே நிக்கிறேன். ஃபியூஸ் புடுங்குற சத்தத்தக்கூட அவ்வளவு சரியா வெச்சுட்டு, இதப் போய்க் கோட்டை விட்டுட்டீங்களே.'

காலையில் காபி ஆறும்வரை அதையே படித்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வரியைச் சேர்த்து, புதிய பதிப்பை ஏற்றினாள். 'இப்போது போய்ப் பாருங்கள்' என்று அவருக்குப் பதில் எழுதிவிட்டு விழாவுக்குக் கிளம்பினாள்.

விருந்தினர் இன்னும் விடவில்லை. அந்த விளக்கின் ஒளியை வர்ணித்துக்கொண்டிருந்தார். பொன் மஞ்சளாம். அகல் விளக்கு மாதிரியாம்.

தூ, என்றிருந்தது.

மடியில் போன் அதிர்ந்தது. பொன்னாடைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். அந்தோணிசாமி.

'கேட் திறந்துச்சு. வீட்டுக்குப் போயிட்டேன். டியூப்லைட் மூணு தடவ வெட்டிட்டுத்தான் எரிஞ்சது. ஸ்டார்ட்டர மாத்தச் சொல்லுங்க.'

ஸ்டார் ஒன்றாகவே இருந்தது.

எதிர் வரிசையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விருந்தினரும் அதைக் கவனித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மஞ்சள் ஒளியைப் பற்றி இன்னும் இரண்டு நிமிடம் பேசினார்.