பதினேழு டிகிரி

“பதினேழுல வச்சுட்டேன்டா. போதுமா?”

ரேமோன் மின்விசிறிக்கு நேர்கீழே நின்று, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி போனில் கேட்டார். மழை விட்ட புழுக்கத்தில் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

அவர் வீட்டில் ஏசி கிடையாது. அவர் குறைத்தது பிரான்சில், லீல் நகரத்தில் இருக்கும் மகன் ஜோர்தான் வீட்டு ஹீட்டரை. போனில் அதற்கொரு ஆப். புதுச்சேரியில் விரலை நகர்த்தினால் அங்கே வீடு குளிர ஆரம்பித்துவிடும்.

“போதும் பப்பா. போன குளிர்காலத்து பில்லு இன்னும் கண்ணுலயே நிக்குது. ரெண்டு நாள் முன்னாடி நான் கொறைச்சதுக்கே ஆன் சண்டைக்கு வந்தா. நீங்க கொறைச்சா மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம். மம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம், தெரிஞ்சா அதுக்கும் அவளைத்தான் திட்டுவாங்க.”

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. கல்யாணத்தன்று மாமியார் வாங்கிக் கொடுத்த புடவையை ஜோர்தானின் மனைவி ஆன் கட்டவில்லை. அன்றிலிருந்து ரேமோனின் மனைவி சூசானுக்கும் அந்தக் காரைக்கால் மருமகளுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ரேமோன் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் ஹீட்டர் இருபத்திரண்டில் இருந்தது. மறுபடி பதினேழுக்கு இறக்கினார். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் திரும்பவும் இருபத்திரண்டு.

ஒரு வாரம் இப்படியே போனது. ஜோர்தான் பதறினான்.

“நான் தொடல பப்பா. ஆனுக்கு பாஸ்வேர்டே தெரியாது. யார் மாத்தினதுன்னு ஆப்புலயே காட்டும், பாருங்க.”

பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே பெயர்தான் இருந்தது. ரேமோன்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டார்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த மனிதர், தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். மாதங்களைப் பிரெஞ்சில் பின்னாலிருந்து சொன்னார். ‘அவ்ரில்’ வரைக்கும் வேகமாக வந்தவருக்கு, அடுத்தது மார்ஸா மேயா என்று குழம்பிவிட்டது. வியர்வை இன்னும் கொட்டியது.

மறுநாள் காலை தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள் சூசான்.

“எங்க கெளம்பிட்டீங்க, காபிகூட குடிக்காம?”

“கோரிமேட்டுக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு.” ரேமோன் செருப்பை மாட்டினார். “எனக்கு மறதி வந்துடுச்சு சூசான். ஜோர்தான் வீட்டு ஹீட்டரை நானே கொறைக்கிறேன், நானே ஏத்துறேன். ஏத்துனது ஞாபகமே இல்ல. நாளைக்கு ஒன்னையே யாருன்னு கேட்டா கோச்சுக்காத.”

சூசானுக்கு முகம் வெளுத்துவிட்டது. கரண்டியை அங்கேயே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

“ஐயையோ, மொதல்ல செருப்பைக் கழட்டுங்க! ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க குளிக்கும்போதும் தூங்கும்போதும் ஒங்க போனை எடுத்து ஏத்துனது நான்தான்.”

“நீயா? ஒனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க போன்ல பேசறது நாலு வீட்டுக்குக் கேக்குது. எனக்குக் கேக்காதா?”

பயம் போன இடத்தில் கோபம் வந்தது ரேமோனுக்கு. “யாருக்காக ஏத்துன? அந்தப் பொண்ணு பேரைச் சொன்னாலே எழுந்து போயிடுவியே!”

“அந்தப் பொண்ணுதான் பத்து நாளைக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணுச்சு. ‘மம்மா, குளுருது, தாங்க முடியல’ன்னு அழுவுது. மனசு கேக்கல.”

“ரெண்டு வருஷமா பேசாதவ, குளுருதுன்னு ஒங்கிட்ட வந்து அழுவுறாளா? ஒடம்புக்கு என்னன்னு கட்டுன புருஷன்கிட்ட சொன்னா என்ன?”

சூசான் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவள் முகத்தில் வந்துவிட்டது.

“டிசம்பர் இருபத்தஞ்சு, நோயல் அன்னைக்குத்தான் அவன்கிட்ட சொல்லப் போறாளாம். அதுவரைக்கும் நீங்க உளறிடாதீங்க.”

“எதை?”

“நீங்க தாத்தா ஆகப்போறதை.”