பதினான்கு வருட மண்

மாமியாரைப் புதைக்க, பிலோமினாவின் கணவன் கஸ்பாரின் குழியையே திறந்தார்கள். பதினான்கு வருடம் கடந்துவிட்டால் ஒரே குடும்பத்துக்கு அதே குழி என்பது அந்தக் கல்லறைத் தோட்டத்தின் வழக்கம். பிலோமினா விளிம்பில் நின்றாள். மண்வெட்டியின் சத்தம் எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ கேட்பதுபோல் இருந்தது. மண் ஈரமாவு மாதிரி உதிர்ந்துகொண்டே வந்தது.

"மாமரப் பொட்டி, அது எப்பவோ மண்ணாயிருக்கும்," என்றார் குழிக்குள் நின்ற சவுரி. "கோட்டும் போச்சு, டையும் போச்சு. எலும்பு மட்டும் சமத்தா படுத்திருக்காரு உங்க வீட்டுக்காரர்."

எல்லாம் மண்ணாகிவிடும் என்று நம்பித்தான், கஸ்பாரைப் புதைத்த அன்று அவன் சட்டைப்பையில் பிலோமினா ஒரு கடிதத்தைச் செருகினாள். 'வயிற்றில் இருப்பது உங்கள் பிள்ளை இல்லை.' உயிரோடு இருந்தவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்று நல்ல மழை. நனைந்துவிடுமே என்று பாலித்தீன் உறையில் போட்டு, இறுக்கி முடிச்சும் போட்டிருந்தாள்.

"இது மட்டும் அப்படியே புதுசா இருக்கும்மா. நாம எல்லாரும் மக்குனப்புறமும் இது இருக்கும்."

சவுரி அந்த உறையை நீட்டினார். பிலோமினாவின் கை எழுவதற்குள் மகள் ஷெரின் குனிந்து வாங்கிவிட்டாள். மண்ணைத் துடைத்ததும், உள்ளே நீல எழுத்துகள் மீன்குஞ்சுகள்போல மிதந்தன.

"உன் கையெழுத்தும்மா," என்றாள். தான் பிறக்கும் முன்பே இறந்துபோன அப்பாவைக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "பாவம், அப்பா இன்னும் பிரிக்கவே இல்ல. நான் படிச்சுக் காட்டவா?"

அவள் நகம் முடிச்சைத் தேடியது.